எங்கள் வெள்ளிக்கிழமையைத் திருப்பித் தாருங்கள்

வெள்ளிக்கிழமை இரவு மணி ஒன்பது. புலாவ் தெக்கோங்கிலிருந்து படகு, பேருந்து, எம்ஆர்டி என்று மாறி மாறி வீடு வந்து சேர்ந்த என் அண்ணன், குளித்துவிட்டு, அம்மா எடுத்துவைத்த மீன் குழம்புச் சோற்றைச் சாப்பிட்டு முடித்து, என் அறைக்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இது கடந்த ஆண்டு நடந்தது. அண்ணன் அப்போது தேசிய சேவையில் அடிப்படை ராணுவப் பயிற்சியில் இருந்தார். சிறு வயதிலிருந்தே இணைய விளையாட்டுகளை ஒன்றாக விளையாடி வளர்ந்தவர்கள் நாங்கள். அவர் முகாமுக்குச் சென்ற பிறகு எங்களுக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமை இரவு மட்டும்தான். சனிக்கிழமை உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் போய்விடும். ஞாயிறு மாலை மறுபடியும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கணினியைத் திறந்தேன். ‘புதிய பதிப்பு உள்ளது. 38 கிகாபைட். பதிவிறக்கம் செய்த பிறகே விளையாட முடியும்’ என்றது திரை.

“பரவாயில்லை பாப்பா, அதுவரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம்,” என்றார் அண்ணன். பேசினோம். பதிவிறக்கம் முடிந்ததும், மீண்டும் உள்நுழையச் சொன்னது. மறைச்சொல் தவறு என்றது. புதிய மறைச்சொல் போட்டால், ‘பழைய மறைச்சொல்லையே பயன்படுத்தக்கூடாது’ என்றது. தவறு என்று அது சொன்ன அதே மறைச்சொல்தான் அது! மின்னஞ்சலுக்கு ஒரு குறியீட்டு எண் அனுப்பியிருப்பதாகச் சொன்னது. அந்த மின்னஞ்சல் குப்பைக் கோப்புக்குள் போய்க் கிடந்தது. பிறகு யாரும் படிக்காத நீண்ட ஒப்பந்தம். அதன் பிறகு, புதிய ஆடைகளை வாங்கச் சொல்லி அடுத்தடுத்து மூன்று விளம்பரங்கள்.

விளையாட்டு திறந்தபோது மணி பதினொன்று பத்து. திரும்பிப் பார்த்தேன். காதொலிக் கருவி கழுத்தில் தொங்க, அண்ணன் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார்.

கதவருகில் நின்ற அம்மா கேட்டார்: “விளையாடுறதுக்கு இவ்வளவு கஷ்டப்படணுமா?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மென்பொருள் படிக்கும் மாணவி என்பதால், அது என்னைத் தொடர்ந்து உறுத்தியது. நண்பர்களிடமும் கேட்டுப் பார்த்தேன்: “ஒரு விளையாட்டிடம் நீ என்ன எதிர்பார்க்கிறாய்?” இன்னும் அழகான காட்சிகள், இன்னும் பெரிய உலகம் என்பார்கள் என நினைத்தேன். அப்படிச் சொன்னவர்கள் குறைவு. பெரும்பாலோரின் பேச்சு, சின்னச் சின்ன எரிச்சல்களைப் பற்றியே இருந்தது.

பல ஆண்டுக் காத்திருப்பு

காத்திருப்பது தவிர்க்க முடியாதது என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். கணினி பழையது, இணைய வேகம் போதவில்லை என்று பழியை நம்மீதே போட்டுக்கொள்கிறோம். அது எப்போதும் உண்மையில்லை என்பதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது.

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆன்லைன்’ 2013ஆம் ஆண்டு வெளிவந்தது. பெரியவர்களுக்கான விளையாட்டு அது. கணினியில் அதைத் திறப்பவர்கள் பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவு பெரிய உலகத்தைத் திறக்க நேரமாகத்தானே செய்யும் என்று எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள்.

2021ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அந்த நிறுவனத்தில் வேலை செய்யாத ஒரு நிரலாளர் பொறுமை இழந்து காரணத்தைத் தோண்டிப் பார்த்தார். அவருடைய கணினியில் அந்த விளையாட்டு திறக்க ஏறத்தாழ ஆறு நிமிடங்கள் ஆயின. அந்த நேரத்தில் பெரும்பகுதி, நகரத்தையோ கார்களையோ திரைக்குக் கொண்டு வருவதில் செலவாகவில்லை. விளையாட்டுக்குள் வாங்கக்கூடிய ஏறத்தாழ 63,000 பொருள்களின் பட்டியலைப் படிப்பதில் செலவாகியிருந்தது.

அந்தப் பட்டியல் வெறும் 10 மெகாபைட். அதைப் படித்த விதத்தில்தான் கோளாறு. ஒரு தடித்த புத்தகத்தை வாசிக்கிறோம் என வைத்துக்கொள்வோம். ஒரு சொல்லை வாசித்ததும், மிச்சம் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று கடைசிப் பக்கம் வரை எண்ணுகிறோம். பிறகு இரண்டாவது சொல். மீண்டும் கடைசிப் பக்கம் வரை எண்ணுகிறோம். அந்த மென்பொருள் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. போதாதற்கு, ஒவ்வொரு பொருளையும் சேர்க்கும்போது, அது ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதா என முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டும் பார்த்தது.

அந்த இரண்டையும் அவர் திருத்தியதும், ஆறு நிமிடம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவானது. நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு, அவருக்கு 10,000 அமெரிக்க டாலர் வெகுமதி அளித்து, 2021 மார்ச்சில் எல்லாருக்கும் அந்தத் திருத்தத்தை வெளியிட்டது.

பல ஆண்டுகளாகக் கோடிக்கணக்கான முறை மக்கள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், ஒரு கடைப் பட்டியலுக்காக. நிரல் எழுதப் படிக்கும் எனக்கு இது அச்சமூட்டும் செய்தி. வேண்டுமென்றே யாரும் அதைச் செய்யவில்லை. பட்டியல் சிறியதாக இருந்த காலத்தில் வேகமாகவே இயங்கியிருக்கும். பட்டியல் வளர வளர, காத்திருப்பும் வளர்ந்தது. உள்ளே இருந்த யாரும் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் விஷயம்.

காட்டுக்குள் போன குறியீட்டு எண்

இது கவனக்குறைவால் வரும் எரிச்சல். வேண்டுமென்றே வடிவமைக்கப்படும் எரிச்சல் வேறு வகை.

நாங்கள் கைப்பேசியில் விளையாடிய இன்னொரு விளையாட்டில், தினமும் உள்நுழைந்தால் ஒரு பரிசு. 28 நாள் இடைவிடாமல் வந்தால் பெரிய பரிசு. ஒரு நாள் தவறினாலும் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். அண்ணன் 23 நாள் சேர்த்திருந்தார். அதற்குள் காட்டுப் பயிற்சி வந்துவிட்டது. அங்கே கைப்பேசிக்கு ஏது இடம்?

“பாப்பா, எனக்குப் பதிலா நீ தினமும் ஒரு தடவை திறந்து மூடிடு. அஞ்சு நாள்தான்,” என்று மறைச்சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நாளே என் கைப்பேசியில் அவருடைய கணக்கைத் திறந்தேன். ‘புதிய சாதனம். உரிமையாளரின் கைப்பேசிக்கு அனுப்பப்பட்ட ஆறு இலக்க எண்ணை உள்ளிடவும்’ என்று வந்தது. எண் சரியாகத்தான் போயிருக்கும். உரிமையாளர்தான் முகத்தில் பச்சை மை பூசிக்கொண்டு குழி வெட்டிக்கொண்டிருந்தார்.

மறைச்சொல்லைப் பகிர்ந்துகொண்டது எங்கள் தவறு. பாதுகாப்புச் சோதனை தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: விளையாடாத நாளில்கூட, விளையாடியதுபோல் காட்ட அண்ணனும் தங்கையும் சேர்ந்து திட்டம் போட்டிருக்கிறோம். அந்த ஐந்து நாளும் நான் விளையாடவில்லை. ஒரு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட முயன்றுகொண்டிருந்தேன்.

காட்டிலிருந்து திரும்பிய அண்ணன் கணக்கைத் திறந்தார். ‘நாள் 1’ என்றிருந்தது. எதுவும் சொல்லாமல் அந்த விளையாட்டைக் கைப்பேசியிலிருந்து நீக்கினார். இரண்டு ஆண்டுகள் விளையாடிய ஒருவரை ஐந்து நாள் வராததற்காக அந்த விளையாட்டு இழந்தது.

பெட்டிக்குள் என்ன?

பணம் செலவழிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் நானும் அதில் விழுந்தவள்தான்.

உயர்நிலை மூன்றில் படித்தபோது, தீபாவளிக்குப் பெரியவர்கள் கொடுத்த பணத்தில் அறுபது வெள்ளியை ஒரே மாலையில் ஒரு விளையாட்டில் கரைத்தேன். எனக்குப் பிடித்த கதாபாத்திரம் ஒரு மர்மப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைத் திறக்க ‘கற்கள்’ வேண்டும். ஒரு முறை திறக்க 150 கற்கள். கடையில் விற்பதோ 400 கற்கள் அடங்கிய பொட்டலம். இரண்டு முறை திறந்தால் 100 கற்கள் மிஞ்சும். மிஞ்சியதை வீணாக்க மனம் வராது. இன்னொரு பொட்டலம் வாங்கத் தோன்றும். அந்தக் கதாபாத்திரம் கடைசிவரை வரவில்லை. அம்மாவிடம் பணத்தைச் சேமித்து வைத்திருப்பதாகப் பொய் சொன்னேன். அந்தப் பொய்தான் இன்றைக்கும் மனத்தில் முள்ளாக இருக்கிறது.

இப்படிப்பட்ட பெட்டிகளுக்கு எதிராக விளையாட்டாளர்கள் குரல் எழுப்பியதில் மிகப் பெரியது 2017 நவம்பரில் நடந்தது. ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2’ விளையாட்டை முழு விலை கொடுத்து வாங்கியவர்களும், புகழ்பெற்ற நாயகர்களைப் பெற மணிக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. வெற்றிக்கு உதவும் திறன்களோ பணம் கொடுத்தும் வாங்கக்கூடிய பெட்டிகளுக்குள் இருந்தன. உழைத்துப் பெறுவதில் ஒரு பெருமிதம் இருக்கும் என்ற வகையில் ஈஏ நிறுவனத்தின் தரப்பில் ‘ரெடிட்’ தளத்தில் ஒரு பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு 660,000க்கும் அதிகமான எதிர்ப்பு வாக்குகள் குவிந்தன. அது கின்னஸ் சாதனையாகவே பதிவானது. விளையாட்டு அதிகாரபூர்வமாக வெளிவருவதற்கு முன்பே, பணம் கொடுத்து வாங்கும் வசதியை நிறுவனம் நிறுத்திவைத்தது.

அரசாங்கங்களும் சும்மா இருக்கவில்லை. ஜப்பான் 2012ஆம் ஆண்டிலேயே, பல அரிய பொருள்களைச் சேர்த்து முழுத் தொகுப்பாக்கினால்தான் பரிசு என்ற ஒரு வகைக் குலுக்கலுக்குத் தடை விதித்தது. எந்தப் பொருள் கிடைக்க எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்பதை வெளியிட வேண்டும் என்ற விதி 2017ஆம் ஆண்டு சீனாவில் நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு இறுதியில் ஆப்பிள் நிறுவனமும் தன் செயலிக் கடையில் அதைக் கட்டாயமாக்கியது. 2018ல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், பணம் கட்டித் திறக்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று அறிவித்தது.

இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுக்கும் வருமானம் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. வரைகலைஞருக்குச் சம்பளம், சேவையகத்துக்கு வாடகை என்று செலவு உண்டு. அண்ணனும் நானும் பிடித்த ஆடைகளுக்கு மனமுவந்து பணம் கொடுத்திருக்கிறோம். விலையை நேரடியாக வெள்ளியில் சொல்லுங்கள், என்ன வாங்குகிறோம் என்பதைக் காட்டுங்கள். அவ்வளவுதான் கேட்கிறோம்.

கடலடியில் போகும் குண்டு

“நான்தான் முதல்ல சுட்டேன்!” என்று கத்தாத விளையாட்டாளர் உண்டா? பல நேரம் அது பொய்யில்லை. இங்கே பழி இயற்கையின்மீது.

கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் வேகத்தில் பயணம் செய்கிறது. சிங்கப்பூருக்கும் தோக்கியோவுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 5,300 கிலோமீட்டர். நான் பொத்தானை அழுத்திய தகவல் அங்கே போய்ப் பதில் திரும்பி வர, எந்தத் தடையும் இல்லாவிட்டாலும் 53 மில்லிவிநாடி ஆகும். லாஸ் ஏஞ்சலிஸ் என்றால் 140ஐத் தாண்டிவிடும். கடலடிக் கம்பிகள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் கூடும். திரையோ விநாடிக்கு 60 முறை மாறுகிறது; ஒரு படத்துக்கு 17 மில்லிவிநாடிகூட இல்லை. அமெரிக்கச் சேவையகத்தில் விளையாடும் சிங்கப்பூர்ப் பிள்ளை, எட்டுப் படங்களுக்கும் மேல் பழைய காட்சியைப் பார்த்துக்கொண்டு சண்டை போடுகிறது.

ஒளியின் வேகத்தை எந்த நிறுவனத்தாலும் கூட்ட முடியாது. ஆனால் சேவையகத்தைப் பக்கத்தில் வைக்கலாம். நல்ல வேளையாக, வட்டாரத்தின் தரவு நிலையங்கள் பல சிங்கப்பூரில் இருப்பதால் நமக்கு அந்த அதிர்ஷ்டம் அடிக்கடி கிடைக்கிறது. கிடைக்காத இடத்தில், எந்த ஊர்ச் சேவையகத்தில் இருக்கிறோம், தாமதம் எவ்வளவு என்பதைத் திரையில் வெளிப்படையாகக் காட்டினாலே பாதிச் சண்டை குறையும். தோற்றது என் திறமைக் குறைவாலா, தூரத்தாலா என்று தெரிந்தால் மனம் ஆறும்.

தோசைப் படையின் கதை

அண்ணனும் நானும் உறவுக்காரப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தோம். பெயர் ‘தோசைப் படை’. தமிழிலேயே தட்டச்சு செய்து பதிவு செய்தோம். திரையில் வந்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம். ‘த’ தனியாக, கொம்பும் காலும் எங்கோ, ‘ச’வுக்குப் பின்னால் ஒட்டாமல் ஓர் இரட்டைச் சுழி, நடுவே புள்ளிகளால் ஆன வட்டங்கள். தோசை கல்லிலேயே பிய்ந்துபோயிருந்தது!

சிரிப்பு அடங்கிய பிறகு காரணத்தைத் தேடினேன். ‘தோ’ என்று எழுதும்போது கணினி முதலில் ‘த’வையும் அடுத்து உயிர்க்குறியையும் சேமிக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியும்போது கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஒரு தனி நிரல் தேவை. நம் கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் அது இருக்கிறது. அதனால்தான் குறுஞ்செய்தியில் தமிழ் அழகாகத் தெரிகிறது. விளையாட்டுகளை உருவாக்கும் கருவிகள் சிலவற்றில் அது இல்லை. இருந்தாலும் யாரும் அதை இயக்கி வைப்பதில்லை.

யூனிகோட் எனப்படும் அனைத்துலக எழுத்துக் குறியீட்டில் தமிழ் 1991ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. எழுத்துகளை ஒழுங்காக அடுக்கும் ‘ஹார்ஃப்பஸ்’ என்ற நிரலை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். நம் வட்டாரத்திலேயே, மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’, பல ஆண்டுகளாகக் கணினியில் தமிழை எழுத வைத்துக்கொண்டிருக்கிறது. ஆக, வழி இல்லாமல் இல்லை.

கடைசியில் குழுவின் பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றினோம். பெரிய இழப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்களுடன் விளையாடும் கொரிய, தாய்லாந்துப் பிள்ளைகளின் பெயர்கள் அவரவர் எழுத்தில் ஒழுங்காக மின்னும்போது, எங்கள் பெயர் மட்டும் இரவல் எழுத்தில் நிற்பது கொஞ்சம் சுடத்தான் செய்கிறது.

வாங்கியது யாருடையது?

நாம் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு ஒரு நாள் இல்லாமலே போகலாம் என்பதும் பலருக்கு உறைப்பதில்லை.

2014ல் வெளிவந்த ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டை, ஒருவர் தனியாக ஓட்டினாலும் நிறுவனத்தின் சேவையகத்துடன் இணைந்திருந்தால்தான் விளையாட முடியும். 2024 மார்ச் 31ஆம் தேதி யூபிசாஃப்ட் நிறுவனம் அந்தச் சேவையகங்களை மூடியது. முழு விலை கொடுத்து வாங்கியவர்களாலும் அதன் பிறகு விளையாட முடியவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான், விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று கோரும் இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது திரட்டிய கையொப்பங்கள் 2025 ஜூலையில் ஒரு மில்லியனைத் தாண்டின.

சேவையகத்தை என்றென்றும் நடத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. மூடும் நாளில், விளையாட்டு ஏதாவது ஒரு வகையில் தொடர்ந்து இயங்க வழி செய்துவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்கிறார்கள். முடியாத காரியமும் இல்லை. 2013ல் எந்நேரமும் இணைய இணைப்பு வேண்டும் என்று சொல்லி வெளிவந்து, முதல் வாரமே நெரிசலில் திணறிய ‘சிம்சிட்டி’க்கு, மறு ஆண்டே இணைப்பின்றி விளையாடும் வசதி சேர்க்கப்பட்டது.

நான்கு வகை மனிதர்கள்

விளையாட்டாளர்கள் உண்மையில் என்னதான் விரும்புகிறார்கள்? இந்தக் கேள்வி என் வயதைவிடப் பழையது. 1978ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் பலர் சேர்ந்து விளையாடும் கணினி விளையாட்டு ஒன்றைத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் என்ற சக மாணவர் அதை வளர்த்தார். படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். அதில் மக்கள் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்த பார்ட்டில், 1996ல் எழுதிய கட்டுரையில் விளையாட்டாளர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க விரும்புவோர், சுற்றிப் பார்க்க விரும்புவோர், பழக விரும்புவோர், பிறரை வீழ்த்த விரும்புவோர்.

எங்கள் தோசைப் படையிலேயே நால்வரும் நான்கு வகை. அண்ணன் பட்டங்களைச் சேர்ப்பவர். நான் மூலை முடுக்கெல்லாம் சுற்றுபவள். ஒரு மாமா மகன் அரட்டைக்காகவே வருபவன். இன்னொருவன் யாரையாவது வீழ்த்தினால்தான் தூங்குவான்.

ஆனால் நால்வருக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. செலவழிக்கும் நேரத்துக்கு மதிப்பு வேண்டும். காத்திருக்க வைப்பது, தினமும் வரச் சொல்லி மிரட்டுவது, விலையை மறைப்பது, பெயரைச் சிதைப்பது, வாங்கியதைப் பறிப்பது எல்லாம் வேறு வேறு குறைகள்போலத் தெரிந்தாலும், “உன் நேரமும் நீயும் எங்களுக்கு ஒரு பொருட்டில்லை” என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கின்றன.

அதற்கு நேர்மாறாக நடந்ததும் உண்டு. என் குரலைக் கேட்டுப் பெண் என்று தெரிந்ததும் மோசமாகப் பேசிய ஒருவர்மீது ஒருமுறை புகார் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து, ‘உங்கள் புகாரின் பேரில் நடவடிக்கை எடுத்தோம், நன்றி’ என்று ஒரு வரி வந்தது. தானியங்கிச் செய்தியாகத்தான் இருக்கும். இருந்தாலும், யாரோ கேட்டார்கள் என்ற நிம்மதியில் மீண்டும் ஒலிவாங்கியை இயக்கினேன்.

நானும் அதையே செய்தேன்

இத்தனையும் சொல்லிவிட்டு, என் கதையை மறைத்தால் அது நியாயமில்லை.

கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டமாக எங்கள் குழு, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் விளையாடியபடியே தமிழ்ச் சொற்களைக் கற்க ஒரு செயலியை உருவாக்கியது. பிள்ளைகள் தினமும் வர என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, “தொடர் வருகைக்கு ஒரு தீச்சுடர் வைப்போம், ஒரு நாள் தவறினால் அணைந்துவிடட்டும்” என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். அணையும்போது அழும் முகம் ஒன்றையும் வரைந்து சேர்த்தேன். அண்ணனின் 23 நாள் அப்போது என் நினைவுக்கே வரவில்லை.

தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் சித்தி மகளிடம் செயலியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஆசையாக விளையாடினாள். மூன்றாவது வாரம் சித்தி தொலைபேசியில் அழைத்தார்.

“காய்ச்சல்ல படுத்திருந்தாம்மா. ராத்திரி பதினொன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்துகிட்டு, நெருப்பு அணைஞ்சிடும், போனைக் குடுங்கன்னு ஒரே அழுகை. அது என்ன நெருப்பு?”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் குழுவிடம் சொன்னேன். தீச்சுடரை எடுத்துவிட வேண்டும் என்றேன். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. “அது இல்லாவிட்டால் பிள்ளைகள் வர மாட்டார்கள், பிறகு எப்படித் தமிழ் கற்பார்கள்?” என்றார் ஒரு தோழி. நல்ல நோக்கத்துக்காகக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பதில் தவறில்லை என்பது அவர் வாதம். விரிவுரையாளரும், எத்தனை பேர் மீண்டும் வருகிறார்கள் என்பதும் மதிப்பீட்டில் ஒரு பகுதி என்பதை நினைவூட்டினார். இரண்டு கூட்டங்கள் விவாதித்தோம்.

முடிவில் தீச்சுடருக்குப் பதிலாக ஒரு பானையை வரைந்தோம். ஒரு சொல்லைக் கற்றால் பானையில் ஓர் அரிசி விழும். ஒரு வாரம் வராவிட்டாலும் அரிசி குறையாது. வந்த நாளில் சேரும், அவ்வளவுதான்.

சித்தி மகள் இப்போது தினமும் வருவதில்லை. சில நாள் வருகிறாள், சில நாள் மிதிவண்டி ஓட்டப் போய்விடுகிறாள். தோழி சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அவளாகவே செயலியைத் திறந்து, “அக்கா, பானையில் இருநூறு அரிசி!” என்று காட்டினாள். எனக்கு அது போதும்.

நாளை இந்தத் துறையில் வேலைக்குப் போகப் போகும் இளையர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். இன்று நம்மை எரிச்சலூட்டும் ஒவ்வொன்றும், ஏதோ ஓர் அறையில் நம்மைப் போன்ற யாரோ ஒருவர் சரியென்று சொன்னது. அந்த அறையில் நாம் உட்காரும்போது, தூங்கிப்போன ஓர் அண்ணனையோ காய்ச்சலில் அழுத ஒரு தங்கையையோ நினைத்துக்கொண்டால் நல்லது.

அண்ணன் இப்போது வேறு பிரிவுக்கு மாறிவிட்டார். வெள்ளிக்கிழமை வழக்கம் தொடர்கிறது. நான் வியாழக்கிழமை இரவே கணினியைத் திறந்து, பதிவிறக்கத்தை முடித்து, உள்நுழைந்து, விளம்பரங்களையெல்லாம் மூடி வைத்துவிடுகிறேன். சென்ற வாரம் ஒன்பது பத்துக்கு விளையாடத் தொடங்கினோம். மூன்று ஆட்டம். மூன்றிலும் தோற்றோம். பத்தரை மணிக்கு அம்மா வந்து இருவருக்கும் மைலோ வைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் அன்றைக்கும் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். ஆனால் விளையாடி முடித்த பிறகு.